மூணாவது பிள்ளை – 11: காகிதத்தின் மேல் ஒரு கனம்

நாலு மணிக்கு ஆள் வரும் என்று சொல்லி அம்மா பேனாவை மூடிய இடத்தில், போன வாரம் நாம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இப்போது காலை எட்டு மணி. மூச்சை விடலாம். இன்னும் எட்டு மணி நேரம் கையில் இருக்கிறது.

நடுவில் வந்து உட்காருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அம்மாவுக்குப் பிள்ளைகள் மூன்று. பெரியவள், தூரத்து ஊரில் பேருந்துப் பணிமனையில் டீசல் மெக்கானிக். சின்னவன், வீட்டு லாரியின் டிரைவர். மூன்றாவது, அந்த லாரியேதான். பதினெட்டு வயது. அம்மா பெயரில் வாங்கியது, அம்மா வாயால் 'மூணாவது' என்று பெயர் எடுத்தது. "பெத்த ரெண்டும் சோறு கேட்டுச்சு, இதுதான் சோறு போட்டுச்சு" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். பெற்ற இரண்டும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும்.

இத்தனை வருஷமும் மூணாவது ஊருக்குள்ளேயே ஓடிப் பிழைத்தது. சரக்குக் கொட்டகைக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே நாளெல்லாம் குட்டி குட்டி நடை. போன மாதம்தான் தரை ஓடு வியாபாரி ஒருவர் ஊர்க்கோடியில் மேட்டின் மேல் கிடங்கு கட்டி, தினம் இரண்டு நடை என்று பேசினார். முதல் நடையிலேயே, மூன்றாவது வளைவில், மூணாவது கொதித்து ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. மெயின் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் கண்ணாடிக் கதவுப் பட்டறைக்குக் கட்டி இழுத்துப் போனார்கள். இன்ஜினே போயிற்று என்று அங்கே இரண்டு பக்கத்துக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். அடியில் போட்டிருந்த தொகைக்கு இன்னொரு பழைய லாரியே வாங்கிவிடலாம். அன்றே வண்டியைத் திரும்ப வீட்டுக்கே இழுத்து வந்துவிட்டார்கள்.

அம்மா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு, பழைய வண்டிகளை எடை போட்டு வாங்கும் 'எடைக்கல்' என்கிற ஆளுக்குப் போன் செய்தாள். விற்பனைப் பத்திரம் எழுதி வந்துவிட்டது. கையெழுத்துதான் பாக்கி. வண்டி போனால் சின்னவனும் அதே எடைக்கல்லிடம் சம்பளத்துக்கு ஸ்டியரிங் பிடிக்க வேண்டியதுதான்.

சேதி தெரிந்ததும் ஒரே ஒரு நாள் லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறாள் பெரியவள். சாயங்காலம் ஏழு மணி பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும். அதனால் டீயைக்கூட நின்றுகொண்டேதான் குடித்தாள்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே தகரக் கூரை போட்ட லாரிக் கொட்டகை. முன்னறை ஜன்னல் வழியாக அம்மா எஸ்டிமேட்டை நீட்டினாள். பெரியவள் வாங்கி மேலிருந்து கீழே ஓட்டமாகப் பார்த்தாள். சிலிண்டர் ஹெட், கேஸ்கட், பிஸ்டன், லைனர், பேரிங், வாட்டர் பம்ப், ரேடியேட்டர். கூடவே கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், கிங் பின், இரண்டு பக்க ஸ்பிரிங் கட்டும்.

"பல்வலின்னு போனவனுக்குத் தலையையே மாத்தணும்னு எழுதியிருக்கான்" என்றாள்.

"எல்லாரும்தான் பார்த்தாங்க. கம்ப்யூட்டர்ல அடிச்சுக் கொடுத்திருக்காங்க" என்றான் சின்னவன்.

"கம்ப்யூட்டர் வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்துச்சா?"

சின்னவன் முறைத்தான். அக்காவும் தம்பியும் இப்படித்தான். முகம் பார்த்தால் முறைப்பு, பார்க்காவிட்டால் ஏக்கம். போனில் பேசினாலும் மூன்றாவது நிமிஷம் வண்டிப் பேச்சு வந்து, ஐந்தாவது நிமிஷம் சண்டை வந்து, யாராவது ஒருவர் வைத்துவிடுவார்கள்.

"இன்ஜின் போச்சுன்னு எதை வெச்சுச் சொன்னாங்க?"

சின்னவன் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் காட்டினான். மூடியின் உட்புறம் வெண்ணெய் தடவியதுபோல வெளுத்த நுரை. "தண்ணி ஆயில்ல கலந்துடுச்சாம். ஹெட் கேஸ்கட் வெடிச்சாத்தான் இப்படி ஆகுமாம். அதான் கொதிக்குதாம்."

பெரியவள் நுரையை விரலால் தொட்டு, கட்டை விரலோடு தேய்த்துப் பார்த்தாள். ஆயில் குச்சியை உருவினாள். குச்சியில் நல்ல கறுப்பு எண்ணெய். ஒரு துளி நுரை இல்லை.

"வண்டி எத்தனை நாளா நிக்குது?"

"எட்டு நாள்."

"எட்டு நாளா அசையாம நிக்குது. தண்ணி உள்ள இறங்கியிருந்தா எங்க இருக்கும்?"

"அடியில."

"அப்ப அடியில பார்ப்போம். தட்டை எடு."

வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தாள். எண்ணெய்ச் சட்டியின் அடி நட்டை இரண்டே புரி தளர்த்தினாள். சின்னவனும் குனிந்து பார்த்தான். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்ட வேண்டும். சொட்டியது கறுப்பு எண்ணெய். முதல் சொட்டும் எண்ணெய், பத்தாவது சொட்டும் எண்ணெய்.

நட்டை முறுக்கிவிட்டு எழுந்தவள் முகத்தில், பணிமனையில் எல்லோருக்கும் பழக்கமான அந்தச் சிரிப்பு வந்திருந்தது. அது வந்துவிட்டால் மற்ற மெக்கானிக்குகள் வாயை மூடிக்கொண்டு டார்ச் பிடிப்பார்கள்.

"ரேடியேட்டர் மூடியைத் திற. ஸ்டார்ட் பண்ணு."

மூணாவது இரண்டு முறை செருமி, மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. பெரியவள் ரேடியேட்டர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேஸ்கட் போயிருந்தால் அங்கே குமிழ் குமிழாகக் கொப்பளிக்கும். ஒரு குமிழ் இல்லை. தண்ணீர் வாய்க்கால் மாதிரி அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஓட்டம்தான் அவளை உறுத்தியது. ஆறிக் கிடந்த இன்ஜின், இப்போதுதான் எழுந்திருக்கிறது. இப்போது ரேடியேட்டர் பக்கம் தண்ணீர் வரவே கூடாதே. மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதே வெதுவெதுப்பு ஏறிக்கொண்டிருந்தது.

"நிறுத்து. ஊருக்குள்ள ஓட்டும்போது சூட்டு ஊசி எங்க நிக்கும்?"

"கீழேதான் கிடக்கும். எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. வண்டி ஜில்லுனு ஓடுதுன்னு நான்கூடப் பெருமையாச் சொல்லிக்குவேன்."

"டீசல்?"

"கொஞ்சம் கூடத்தான் குடிக்குது. வயசாச்சுல்ல."

"வயசு மேல பழியைப் போடாதே" என்றாள் பெரியவள்.

தண்ணீரை அளவாக வடித்துவிட்டு, இன்ஜின் தலையில் ஹோஸ் வந்து சேரும் இடத்தில் இருந்த கிண்ண மூடியின் மூன்று போல்ட்டுகளையும் கழற்றினாள். கழற்றியதும், பையிலிருந்த வெள்ளை டேப்பில் ஒரு துண்டு கிழித்து, 'தெர்மோஸ்டாட் மூடி – 3' என்று பேனாவால் எழுதி, மெல்லிய கம்பியில் கோத்துப் போல்ட்டுகளில் கட்டினாள். அது அவள் பழக்கம். கழற்றிய எந்தச் சாமானையும் சீட்டுக் கட்டாமல் தரையில் வைக்க மாட்டாள். பணிமனையில் அவளுக்குப் பின்னால் 'சீட்டுக்காரம்மா' என்று ஒரு பேரே உண்டு.

மூடியைத் தூக்கினாள். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் குழி.

"அடப்பாவி! தெர்மோஸ்டாட்டே இல்லடா இதுல!"

"அது இல்லாட்டி நல்லதுதானே? தண்ணி தாராளமா ஓடும்னு எல்லா டிரைவரும் கழட்டித்தானே போடறாங்க."

"எல்லாரும் கிணத்துல குதிச்சா நீயும் குதிப்பியா? இங்க பாரு." விரலால் குழியைத் தொட்டுக் காட்டினாள். "இதுக்கு ரெண்டு வேலை. இன்ஜின் சூடாகிற வரைக்கும் ரேடியேட்டர் வழியை மூடி வைக்கும். சூடானதும் அதைத் திறந்துவிட்டு, அடியில இந்தக் குறுக்குச் சந்து இருக்கு பாரு, இதை அடைச்சிடும். எடுத்துட்டா ரெண்டும் எப்பவும் திறந்தே கிடக்கும். பாதித் தண்ணி ரேடியேட்டருக்குப் போகும். மீதிப் பாதி குளிராமலே சந்துல புகுந்து இன்ஜினுக்கே திரும்பும். ஊருக்குள்ள சின்ன நடைக்குப் பாதியே ஜாஸ்தி. அதான் இன்ஜின் குளிர்ந்து குளிர்ந்து, மூடியில வேர்த்து நுரை கட்டுது. சரக்கோட மேட்டுல ஏறும்போது அந்தப் பாதி பத்தல. கொதிச்சிடுச்சு. நுரையும் இதாலதான், கொதிப்பும் இதாலதான்."

அவளுக்கே ஒரு சந்தோஷம். இரண்டு பக்க எஸ்டிமேட்டையும் ஒரு குழிக்குள் போட்டு மூடியாயிற்று. சந்தோஷம் வந்தால் அவளுக்குக் கோபமும் கூடவே வரும்.

"யாருடா எடுத்தது? எந்த மகானுபாவன்?"

சின்னவன் துணியால் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"நான்தான்னு வெச்சுக்கோயேன்" என்றான்.

அவ்வளவுதான். பெரியவள் பிடித்துக்கொண்டாள். வண்டி வைத்திருக்கிற லட்சணமா இது, ஸ்டியரிங் பிடித்தால் போதுமா, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா, அம்மாவைக் கையெழுத்துப் போடுகிற அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாயே, உனக்கெல்லாம் எதற்கு வண்டி என்று கொட்டித் தீர்த்தாள். ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவன் இன்று தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றான். என்ன ஆயிற்று இவனுக்கு என்று ஒரு கணம் தோன்றியது. நின்று யோசிக்க அவளுக்கு நேரம் இல்லை.

மணி பத்தரை. இன்ஜின் நம்பரைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். அதற்கான பழைய ரசீது தேடி முன்னறைக்குள் போனாள்.

அம்மாவின் மேசை. மின்விசிறிக்கு நேர் கீழே இருப்பதால் அதன் மேல் எந்தக் காகிதமும் சும்மா கிடக்காது. விற்பனைப் பத்திரத்தின் மேலும் ஒரு கனம் வைத்திருந்தாள். பித்தளையும் இரும்புமாக, நடுவில் ஸ்பிரிங் சுற்றிய, உள்ளங்கை அகலச் சாமான். நாள்பட்டுக் கையேறி மழமழவென்று இருந்தது.

பெரியவள் அதை எடுத்தாள். பத்திரம் படபடவென்று அடித்தது. எடுத்த கை அப்படியே நின்றது.

தெர்மோஸ்டாட்.

ஸ்பிரிங்கின் இடுக்கில் மெல்லிய கம்பி. கம்பியில் வெள்ளை டேப், இப்போது பழுப்பு. அதில் பேனாவில் எழுதியது இன்னும் படிக்கிறாப்போல இருந்தது. 'இதே அளவு. நாளைக்கு வாங்கிப் போடவும்.'

அவள் கையெழுத்து. அவள் கட்டிய சீட்டு.

நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு பகல் முழுதாக நினைவுக்கு வந்தது. வெயில் காலம். இந்தச் சாமான் மூடியபடி இறுகிப்போய் வண்டி கொதித்தது. கடையில் இந்த அளவு இல்லை, நாளைக்கு வரும் என்றார்கள். சரக்குக் கொட்டகையில் லோடு காத்திருந்தது. இன்று ஒரு நாள் இல்லாமல் ஓடட்டும் என்று அவளே கழற்றினாள். அளவு காட்ட மாதிரி வேண்டுமே என்று சீட்டுக் கட்டி, அவளே இந்த மேசையில் வைத்தாள். மறுநாள் காலையில் பணிமனை வேலைக்கு உத்தரவு வந்தது. பெட்டி கட்டினாள், அழுதாள், சிரித்தாள், போய்விட்டாள். கனமான சாமான், காற்றுக்கு நன்றாக இருக்கிறது என்று அம்மா காகிதத்தின் மேல் வைத்துக்கொண்டாள்.

நாலு வருஷமாக இந்த மேசையில் இருந்திருக்கிறது. கண்ணாடிக் கதவு எஸ்டிமேட்டின் மேல் எட்டு நாள் இருந்திருக்கிறது. இன்று விற்பனைப் பத்திரத்தின் மேலும் இருக்கிறது.

பெரியவளுக்குக் காது மடல் சுட்டது. கொட்டகையில் சற்று முன் அவள் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து அவள் கன்னத்திலேயே அறைந்தது. அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

அழுவதற்கு இது நேரமில்லை. பழைய எஸ்டிமேட்டை மடித்துப் பத்திரத்தின் மேல் வைத்து, அதன் மேல் அம்மாவின் கண்ணாடிக் கூட்டையும் வைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

உதிரிபாகக் கடைக்காரர் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழைய வண்டிதானேம்மா? இதை எதுக்கு வாங்கறீங்க? கழட்டிப் போட்டுட்டு ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது."

"அப்படி ஒருத்தி கழட்டிப் போட்டுத்தாங்க நான் இங்க வந்திருக்கேன்" என்றாள் பெரியவள்.

கடைக்காரர் அதற்கு மேல் அறிவுரை சொல்லவில்லை. விலை இரண்டு பஞ்சர் ஒட்டும் காசுக்குக் கொஞ்சம் மேலே. கேஸ்கட் காகிதம் ஒன்றும், நல்ல கூலன்ட் ஒரு டப்பாவும் சேர்த்து வாங்கினாள்.

திரும்பி வந்ததும் நேரே சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

"அது என் பால் சட்டி!" என்று அம்மா ஓடி வந்தாள்.

"ஒரு அஞ்சு நிமிஷம்மா. கழுவித் தரேன். டேய், நீயும் வா."

சட்டியில் தண்ணீர் ஊற்றி, புதியதையும் பழையதையும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். மூன்று தலைகளும் சட்டிக்கு மேல் ஒன்றாகக் கூடின. தண்ணீர் முணுமுணுத்தது. கொதி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், புதியதன் வாய் மெல்லப் பிளந்து, விரல் கனத்துக்குத் திறந்தது. பழையது இறுக வாயை மூடிக்கொண்டு கிடந்தது.

"இது ஏன் திறக்கல?" என்றாள் அம்மா.

"கெட்டுப் போச்சு. நாலு வருஷம் முன்னாடியே."

அம்மா பழையதை உற்றுப் பார்த்தாள். "இது என் மேசையில இருக்கிறதுல்ல? இதுவா வண்டியில இருந்து காணாமப் போனது? யார் எடுத்தது?"

"நான்தான்" என்றான் சின்னவன்.

"நான்தான்" என்றாள் பெரியவளும், அதே நொடியில்.

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான்தான்மா" என்று பெரியவள் மறுபடி சொன்னாள். குரல் கரகரத்தது, ஆனால் குறையவில்லை. "நாளைக்குப் போடலாம்னு கழட்டினேன். போடாமலே ஊருக்குப் போயிட்டேன். இவன் மேல காலையில கத்தினதெல்லாம் என் மேல கத்த வேண்டியது. தப்பு என்னோடது."

அம்மா அடுப்பை அணைத்தாள். "சரி. தப்பு யாரோடதுன்னு தெரிஞ்சுபோச்சு. வண்டி ஏறுமா?"

"ஏறும்."

"கொதிச்சா?"

"கொதிக்காது. கொதிச்சா நீ கையெழுத்துப் போடு, நான் வாயே திறக்கல."

"நாலு மணிக்கு எடைக்கல் வருவான். நீங்க வர்ற வரைக்கும் நான் அவனை உட்கார வெச்சுப் பேசிக்கிட்டிருக்கேன். ஊசி எங்க நின்னுச்சுன்னு வந்து சொல்லுங்க." அடுப்பங்கரை வாசலில் திரும்பினாள். "சட்டியைத் தேய்ச்சு வெச்சிட்டுப் போங்க."

புதியதைக் குழியில் பூட்டி, கூலன்ட் ஊற்றி முடித்ததும், ஓடு வியாபாரியைப் போனில் கூப்பிட்ட சின்னவன் கெஞ்சவில்லை. அக்கா பக்கத்தில் இருந்ததால் குரல் தானாக நிமிர்ந்தது. "ஒரு நடை கொடுங்க. இந்தத் தடவை நின்னா, இனிமே உங்க வாசலுக்கே வரமாட்டோம்" என்றான். அவரும் அரை மனசாகச் சரி என்றார்.

மூன்றரை மணிக்கு, தரை ஓட்டுப் பெட்டிகள் முழுக்க அடுக்கி, பின் ஸ்பிரிங் தாழ்ந்து, மூணாவது மேட்டு ரோட்டின் அடிவாரத்துக்கு வந்தது. சின்னவன் ஸ்டியரிங்கில். பெரியவள் பக்கத்தில், கண் முழுக்கச் சூட்டு ஊசியில். நாலு வருஷமாகத் தரையில் கிடந்த ஊசி இப்போது பாதிக்கு எழுந்து நின்றது.

முதல் வளைவு. இரண்டாவது கியர். இன்ஜின் சத்தம் கனத்தது.

"கிளட்ச் மேல இருந்து காலை எடு."

"அமுக்கலையே. சும்மா வெச்சிருக்கேன்."

"சும்மா வெச்சே பிளேட்டைத் தின்னுடுவ. எஸ்டிமேட்ல இருக்கிறதை எல்லாம் மத்தியானம் பார்த்துட்டேன், ஒண்ணு ரெண்டுதான் உண்மை. கிளட்ச் பிளேட் இன்னும் ஆறு மாசம் தாங்கும், காலை எடுத்தா ஒரு வருஷம். பிரேக் லைனிங் இந்த மாசமே மாத்தணும். ஸ்பிரிங்ல ஒரே ஒரு பட்டைதான் உடைஞ்சிருக்கு, கட்டு முழுசையும் மாத்த வேணாம். கிங் பின்னுக்கு முதல்ல கிரீஸ் அடி, அப்புறம் பேசலாம்."

சின்னவன் காலை எடுத்தான். இரண்டாவது வளைவு போயிற்று.

"ஏன்டா சொல்லல?" என்றாள் பெரியவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எதை?"

"நான்தான் கழட்டினேன்னு. காலையில அவ்வளவு பேச்சு வாங்கினியே."

சின்னவன் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே சொன்னான். "அந்த மூடியைத் திறந்த பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கு நீ போனதும் வண்டி கொதிக்கவே இல்ல. சரி, வேலை முடிஞ்சுதுன்னு விட்டுட்டேன். அக்கா கை வெச்சா அது முடிஞ்ச வேலைதானே. இன்னிக்கு நீ அவ்வளவு தூரத்துல இருந்து ஓடி வந்து, அடியில படுத்து எழுந்து, சிரிச்சிட்டு நின்ன. அப்ப போய் உன்னோட தப்புன்னு சொல்லச் சொல்றியா?"

இந்த நாலு வருஷத்தில் ஐந்தாவது நிமிஷத்தில் தான் வைத்துவிட்ட அத்தனை போன்களும் பெரியவள் கண் முன் வந்து போயின.

"இனிமே சொல்லு" என்றாள். "நான் தப்புப் பண்ணா மூஞ்சிக்கு நேரா சொல்லு."

"சரி. டேஷ்போர்டு மேல காலைத் தூக்கி வெச்சிருக்க. இறக்கு."

இறக்கினாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

மூன்றாவது வளைவு. போன தடவை ஆவியைக் கக்கி நின்ற இடம். ரோட்டோரம் அன்று முட்டுக் கொடுத்த கல் இன்னும் கிடந்தது. சரிவு இங்கேதான் செங்குத்து. ஊசி பாதியைத் தாண்டியது. இன்னும் ஒரு கோடு ஏறியது. இன்னும் ஒன்று.

"அக்கா."

"ஓட்டு."

"ஏறுதுக்கா."

"ஏறட்டும். முழுசாத் திறக்கணும்னா அது அவ்வளவு சூடாகணும். கியர் மாத்தாதே. இதே மிதி."

ஊசி சிவப்புக்கு இரண்டு விரற்கடை கீழே போய் நின்றது. நின்றே இருந்தது. சின்னவன் மூச்சு விடவில்லை. பெரியவள் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பது எண்ணியபோது ஊசி தயங்கி, ஒரு கோடு இறங்கியது. வளைவு முடிவதற்குள் இன்னொரு கோடு இறங்கியது.

"திறந்துடுச்சு!" என்று பெரியவள் கதவை ஓங்கித் தட்டினாள். "திறந்துடுச்சுடா! பால் சட்டியில பார்த்த மாதிரியே!"

மிச்சமிருந்த மூன்று வளைவுகளையும் மூணாவது தன் பதினெட்டு வயதை மறந்துவிட்டு ஏறியது. மேலே கிடங்கு வாசலில் ஓடு வியாபாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ரேடியேட்டரைப் பார்த்தார், ஒன்றும் சொட்டவில்லை என்று கண்டதும், "நாளையிலேருந்து வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்தேகால். சின்னவன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே கொட்டகைக்குள் நுழைத்தான். பெரியவள் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து முன்னறைக்கு ஓடினாள்.

எடைக்கல் இல்லை. நாற்காலி காலி. மேசையில் இரண்டு காலி டம்ளர்.

"போயிட்டானா? அம்மா! கையெழுத்துப் போட்டுட்டியா?"

"ஊசி எங்க நின்னுச்சு?" என்றாள் அம்மா.

"சிவப்புக்குக் கீழே. அப்புறம் இறங்கிடுச்சு. கையெழுத்து?"

அம்மா விற்பனைப் பத்திரத்தை எடுத்து நீட்டினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"நாலே காலுக்கே அவனை அனுப்பிட்டேன்" என்றாள்.

பெரியவள் விழித்தாள். "நாலே காலுக்கு நாங்க இன்னும் வந்து சொல்லவே இல்லையே. வண்டி ஏறுமா ஏறாதான்னு தெரியறதுக்கு முன்னாடியேவா?"

"எனக்கு அடுப்பங்கரையிலயே தெரிஞ்சுபோச்சு" என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நான்தான்னு சொன்னீங்க பாரு. வண்டி ஓடாதுன்னு நான் விக்க நினைக்கல. மூணாவது இருக்கிற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஒட்டமாட்டீங்கன்னுதான் விக்க நினைச்சேன்."

வாசற்படியில் நின்ற சின்னவன் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகுதான் பத்திரத்தின் பின்பக்கம் அவள் கண்ணில் பட்டது. அம்மாவின் கையெழுத்தில் ஏதோ ஒரு வண்டி எண்.

"இது என்ன நம்பர்?"

"அவன் யார்டுல இதே மாடல் ஒண்ணு நிக்குதாம். மூணாவதை விட ரெண்டு வயசு சின்னது. மேட்டு ரோட்டுலதான் கொதிச்சதாம். இன்ஜின் போச்சுன்னு எழுதிக் கொடுத்தது அதே கண்ணாடிக் கதவுக்காரங்க. அதை நம்பி ஒருத்தர் எடைக்குப் போட்டுட்டார்." அம்மா டம்ளர்களை எடுத்தாள். "நாளைக்குக் காலையில உடைக்க ஆரம்பிக்கப் போறானாம். என் மக வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு நட்டைத் தொடாதேன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்."

"அம்மா, எனக்கு ஏழு மணிக்கு பஸ்."

"தெரியும். பை கட்டி வெச்சிருக்கேன்."

கதவருகே பை இருந்தது. மேசையில், பத்திரத்தின் மேல் வைக்க, பெரியவள் பழைய கனத்தைத் தன் கருவிப் பையிலிருந்து எடுத்தாள். பழுப்பேறிய சீட்டு விரலில் உரசியது. 'நாளைக்கு வாங்கிப் போடவும்.' நாலு வருஷத்துக்கு முன் இதே மேசையில் இதை வைத்துவிட்டு, இதே கதவு வழியாகத்தான் பெட்டியோடு போனாள்.

அவள் பையைத் தூக்கவில்லை. போனை எடுத்துப் பணிமனை மேற்பார்வையாளரின் எண்ணை அழுத்தினாள். ஒரு நாளைக்கு மேல் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது, வராவிட்டால் இந்த வேலைக்கு ஆள் வரிசையில் நிற்கிறது என்று நேற்றுச் சொன்னவர்.

மறுமுனையில் மணி அடித்தது. சின்னவன் வந்து, கதவருகே இருந்த பையை எடுத்து உள்ளறையில் வைத்தான். மூன்றாவது மணியில் போனை எடுத்துவிட்டார்கள்.

"சார்" என்றாள் பெரியவள், குரலை நிமிர்த்திக்கொண்டு. "நாளைக்கு நான் வரல."